விடுப்பில் இருப்பவரின் வருகை

மரக்காணம் உப்பளங்களை ஒட்டியிருந்த அயோடின் உப்பு கம்பெனியில் ஆன்மேரி டைம் ஆபீஸ் பார்த்தாள். நூற்றுப்பத்து பேரின் வருகை, லீவு, ஈஎஸ்ஐ எல்லாம் அவள் பொறுப்பு.

அரவை மெஷின் ஓட்டிய பெலிக்ஸின் வலது கை மாசி மாதத்தில் மெஷினுக்குள் போய்விட்டது. டாக்டர்கள் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அன்றைக்கு அரைத்த உப்பு முழுவதையும் கழுவெளி ஏரிக்குப் போகும் ஓடையில் கொட்டிவிட்டு, மறுநாளே மெஷினை ஓட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் புருஷோத்தமன் அவளைக் கூப்பிட்டார்.

"பெலிக்ஸுக்கு ஒரு லெட்டர் அடிம்மா. பத்து நாளா தகவல் இல்லாம வரல, பேரை எடுத்துட்டோம்னு."

"சார், அவரு ஈஎஸ்ஐ லீவுல இருக்காரு. சர்டிபிகேட்டு தவறாம வருது. நான்தான் சீல் போட்டு வாங்குறேன்."

"வரலன்னு வச்சுக்கோ. ஒரு கையை வச்சுக்கிட்டு இங்க என்னா பண்ணுவான்? நாளைக்கு ஊனமுற்றோர் சட்டம்னு வந்து நிப்பான். அதுக்குள்ள முடிச்சிடணும்."

ஆன்மேரி வெளியே வந்தாள். பெலிக்ஸின் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தாள். பத்து நாளும் அவர் வந்ததாக இருந்தது. தினமும் காலை 5.52. வலது கட்டைவிரல் ரேகை.

வருகை மெஷினைப் பார்க்கும் டெக்னீஷியன் தேவா புதுச்சேரியிலிருந்து வந்தான். நெடுநேரம் குடைந்துவிட்டு, "ரேகை அவரோடதுதான் மேடம், தப்பே இல்ல" என்றான். பெலிக்ஸின் ரேகையையே மெஷினிலிருந்து அழித்தான். "இனிமே வராது."

மறுநாளும் 5.52 வந்திருந்தது.

அதற்கு அடுத்த நாள் அவள் ஐந்தே முக்காலுக்கே போய் நின்றாள். பொழுது விடிந்துகொண்டிருந்தது. பாத்திகளில் தண்ணீர் அசையவில்லை. காற்று துளியும் இல்லை. ஷெட்டுச் சுவரில் மாட்டியிருந்த மெஷினுக்கு முன்னால் அவளைத் தவிர யாருமில்லை. அவளும் நாலடி தள்ளித்தான் நின்றாள்.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"தேங்க் யூ" என்றது.

விரல் வைக்கும் கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு ஈரம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்து வெள்ளையாகப் பூத்தது. உப்பு. அவள் அதைத் தொடவில்லை. கேட்டுக்கு வந்தாள்.

அன்று லீவு சொல்லிவிட்டு பெலிக்ஸின் ஊரான அனுமந்தைக்கு பஸ் ஏறினாள். பெலிக்ஸின் மனைவி அனுஷியா கதவைத் திறந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பெலிக்ஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வலி எப்படிண்ணே இருக்குது?"

"வலி பரவாயில்லம்மா. காலையில ஆறு மணி ஆவுறதுக்குள்ள, இல்லாத அந்த விரல்ல சில்லுனு இருக்குது. கண்ணாடி மேல அழுத்துற மாதிரி. அப்புறம் நாள் பூரா எரியுது, உப்புல ஊறுன மாதிரி. சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க."

மெஷினைப் பற்றி ஆன்மேரி வாயைத் திறக்கவில்லை. பையிலிருந்து அவருடைய சர்டிபிகேட்டுகளின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினாள். ஒவ்வொன்றிலும் கம்பெனி சீல், தேதி.

"இதை பத்திரமா வையிங்க. ஈஎஸ்ஐ லீவுல இருக்கிறவங்களை கம்பெனி நீக்கக்கூடாது. கை போச்சுன்றதையே காரணமா காட்டி ஒதுக்கவும் கூடாது. பேரை எடுத்துட்டோம்னு லெட்டர் அடிக்கச் சொல்றாரு மேனேஜர். அது வந்தா எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க, நேரா லேபர் ஆபீஸ் போங்க."

"உனக்கு வேலை போயிடுமேம்மா" என்றாள் அனுஷியா.

"அந்த லெட்டரை என்னால அடிக்க முடியாதுக்கா."

லெட்டரை வேறு ஆளை வைத்து அடித்து அனுப்பினார்கள். பெலிக்ஸ் புகார் கொடுத்தார். தொழிலாளர் அதிகாரி இலக்கியா விசாரிக்க வந்தார்.

"சர்டிபிகேட்டே வரலீங்க. ஆளையே காணோம்" என்றார் புருஷோத்தமன்.

அதிகாரி வருகைப் பதிவைக் கேட்டு வாங்கினார். "தினமும் வந்திருக்காருன்னு இருக்குதே?"

புருஷோத்தமன் காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். "மெஷின் ரிப்பேருங்க."

ஆன்மேரி எழுந்துபோய் அசல் சர்டிபிகேட்டுகளை மேஜையில் வைத்தாள். அதிகாரி ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"மெஷின் ரிப்பேருன்னே வச்சுக்குவோம். இந்த சீலு உங்களோடதுதானே?"

புருஷோத்தமன் சீலைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றார்.

லெட்டரை வாபஸ் வாங்கினார்கள். லீவு முடிந்ததும் அதே சம்பளத்தில் எடைமேடை வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றோடு 5.52 வருவது நின்றது. ஆனாலும் அந்த மெஷினில் விரல் வைக்கப் பலர் பயந்தார்கள், கொஞ்ச நாளில் அதை மாற்றினார்கள். ஆன்மேரியை டைம் ஆபீசிலிருந்து பேக்கிங்குக்குத் தள்ளினார்கள். அவள் சண்டை போடவில்லை.

ஆடி மாதம் பெலிக்ஸ் வேலைக்கு வந்தார். முதல் லாரியின் நம்பரை இடது கையால் எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. டிரைவர் ஹாரன் அடிக்காமல், அவர் எழுதி முடிக்கும்வரை இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.