ஒன்றரைக் கிலோ மணல்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. பிள்ளைகள் துடுப்புப் படகு ஓட்டப் பழகும் ஒரு கழகத்தில் நான் நலப் பொறுப்பாளர். பிள்ளைகளுக்கு ஏதாவது தொல்லை என்றால் காது கொடுத்துக் கேட்டு, மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டியவள். பெற்றோர் கூட்டத்தில் "யார் ஏத்துக்கிறீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். நான் அந்த நேரம் பார்த்து நிமிர்ந்துவிட்டேன்.

அரைநாள் பயிற்சி கொடுத்தார்கள். நடத்திய அம்மாள் மூன்று விஷயம் சொன்னார். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதே. தெரிந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அனுப்பு. (மூன்றையும் நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: வெள்ளியாய் மின்னிய நதியில் எட்டுத் துடுப்புகள் ஒரே

வேண்டாம். மழைத் தண்ணீர் வந்து நதி சேறாக இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: அந்தக் கோச் ஒரு கொடியவன்.

இதுவும் ஆகாது. அவர் நல்ல மனுஷர், அதுதான் என் கஷ்டம். பிள்ளைகளின் பிறந்தநாளெல்லாம் அவருக்கு மனப்பாடம். தண்ணீரில் விழுந்த ஒரு பையனை உடுத்திய உடுப்போடு குதித்துத் தூக்கியவர்.

3

சரி, நடந்ததையே எழுதுகிறேன். புதன்கிழமை மாலை, உடை மாற்றும் அறை வாசலில் எடை மெஷின். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். அவர்களைப் பார்த்தபடி சின்ன உருவமாக ஒருத்தி உட்கார்ந்து, திசை திருப்பிக்கொண்டு சத்தம் போடுவாள். அதனால் அவள் பெயரே சுக்கான். எங்கள் சுக்கானுக்கு வயது பதினான்கு.

ஷூவைக் கழற்றினாள், சாக்ஸைக் கழற்றினாள், தலையிலிருந்த க்ளிப்பையும் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினாள்.

"இன்னும் அரைக் கிலோ எறக்கும்மா. உன்னையும் சேத்து இவங்கதானே இழுக்கணும்?" என்றார் கோச். எல்லோரும் சிரித்தார்கள், என் மகனும்தான். (என் மகன் அந்தப் படகில்தான் இருக்கிறான். முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல இடம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

பிறகு பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மயக்கமா வருதாம்மா?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. நேத்துலேர்ந்து தண்ணி குடிக்கல, அவ்வளவுதான்."

"சாப்பாடு?"

"போட்டி முடிஞ்சு சாப்பிட்டுக்குவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என்னை எறக்கிட்டு வேற யாரையாவது ஏத்திடுவாங்க."

"சொல்லமாட்டேன்மா."*

* இரண்டாம் விதி. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் நினைவு வந்தது. என் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் துப்பிவிட்டாள்.

4

போட்டி விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். சுக்கான் பிடிப்பவருக்குக் குறைந்தபட்ச எடை என்று ஒன்று உண்டு. குறைந்தால், குறைகிற அளவுக்கு மணல் பை வைக்க வேண்டும். இவள் ஏற்கெனவே ஒன்றரைக் கிலோ குறைவு. பட்டினி கிடந்து இறக்கியதையெல்லாம் போட்டியன்று மணலாக அவள் காலடியில் ஏற்றுவார்கள். இதை நான் இட்டுக்கட்டியிருந்தால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் நம்பியிருக்கமாட்டார்.

கோச்சிடம் கேட்டேன்.

"தெரியும் மேடம். ஆனா எடை பாத்தாதான் பிள்ளைங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வரும். அரைக் கிலோவுக்குப் போய் இவ்வளவு யோசிக்கறீங்களே!"

5

முடிவுகள்.

அ) படிவத்தை அனுப்புகிறேன். விசாரணை முடியும்வரை கோச் படகுத்துறைக்கு வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் படகு இறங்காது. என் மகன் என்னோடு பேசமாட்டான்.

ஆ) அனுப்பவில்லை. படகு ஜெயிக்கிறது. ஜெயித்தவர்கள் வழக்கம்போலச் சுக்கானைத் தூக்கித் தண்ணீரில் போடுகிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே நீந்தி வருகிறாள்.

இ) அனுப்பவில்லை. படகு ஜெயிக்கிறது. தூக்கிப் போடுகிறார்கள். அவள்

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

6

இன்று வெள்ளிக்கிழமை. என் இருபத்துநான்கு மணி நேரம் நேற்றே தீர்ந்துவிட்டது. படிவத்தில் 'பிள்ளையின் வார்த்தைகள்' என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது. அதில் எழுத வேண்டியதைத்தான் மேலே மூன்றாம் பகுதியில் சொல் மாறாமல் எழுதியிருக்கிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றவள், சொல்ல வேண்டிய இடத்தை விட்டுவிட்டு உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

எந்த முடிவு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். பயிற்சியில் அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார்: அந்த இருபத்துநான்கு மணி நேரக் கெடு பொறுப்பாளருக்கு மட்டும் இல்லையாம், தெரிந்துகொண்ட எல்லோருக்கும் உண்டாம். உங்களுக்குத் தெரிந்து இப்போது ஐந்து நிமிடம் ஆகிறது.