ஊர்ப் பெயர் இல்லாத புட்டி

ஒயின் புட்டியில் ஊர்ப் பெயர் போடச் சான்றிதழ் தரும் சுவைக் குழுவிடமிருந்து இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது. 'நிறம் அடர்த்தி. கலங்கல். இந்த ஊர் ஒயினின் குணம் இல்லை. நிராகரிக்கப்படுகிறது.' முதல் கடிதத்தில், சரிசெய்து மறுபடி கொண்டுவரச் சொல்லி ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். நான் எதையும் சரிசெய்யவில்லை. அதே பீப்பாயிலிருந்து அதே ஒயினைத்தான் மறுபடியும் கொடுத்தேன்.

"சொன்னேன்ல அக்கா?" என்றான் தம்பி தெல்மோ. "ஒரு தடவை வடிகட்டிக் கொடுத்திருந்தா பளபளன்னு ஆகி பாஸாயிருக்கும். ஊர்ல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

"எல்லாரோடதையும் குடிச்சுப் பாத்தியா? பேரிக்காய் கழுவின தண்ணி மாதிரி இருக்கு."

நான் கர்கானெகா திராட்சையை நசுக்கி, தோலோடு நான்கு நாள் ஊறவிடுகிறேன். எரிமலை கக்கிய எங்கள் கறுப்பு மண்ணின் ருசியெல்லாம் அந்தத் தோலில்தான் இருக்கிறது. ஊறினால் வெள்ளை ஒயின் பொன்னிறமாகும், கொஞ்சம் கலங்கும். கலங்கினால் கலங்கட்டும். எங்கள் ஊரான ரொன்கரோலாவின் ஒயின் வெளிறித்தான் இருக்க வேண்டும் என்று எவன் சொன்னான்?

துல்லியோ சொன்னான். ஐந்து பேர் கொண்ட அந்தச் சுவைக் குழுவுக்கு அவன்தான் தலைவன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. புட்டிகளுக்குத் துணி சுற்றி எண் போட்டுத்தான் ருசி பார்ப்பார்களாம், எது யாருடையது என்று தெரியவே தெரியாதாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? இந்த ஊரில் கலங்கிய ஒயின் என்னுடையது ஒன்றுதான்.

அன்று மாலை லேபிள் அச்சடிப்பவர் போன் செய்தார்.

"ஓர்சோலா, ஒயினுக்கு ரொன்கரோலான்னு பேர் போட முடியாது, அது உனக்கே தெரியும். ஆனா முகவரியிலயும் ஊர் பேர் வரக்கூடாதாம். அஞ்சல் எண் மட்டும் போடணுமாம்."

"என் வீடு எந்த ஊர்னு நான் சொல்லக்கூடாதா?"

"நீ சொல்லலாம்மா. புட்டி சொல்லக்கூடாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வாசலிலிருந்து பத்தடியில் ஊர்ப் பலகை நிற்கிறது. அதே பலகைக்குப் பின்னால் விளைந்த என் திராட்சை மட்டும் ஊர் பேர் தெரியாத அநாதையா? அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் கை வைக்கவில்லை. தெல்மோதான் இரண்டு தட்டையும் காலி செய்தான்.

காலையில் அச்சகத்துக்கு நானே போனேன். லேபிளில் என் பெயர், வருடம், அஞ்சல் எண். மேலே, ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில், ஒரு வெறும் கோடு. அந்தக் கோட்டுக்கு மட்டும் நல்ல கறுப்பு மையாகப் போடச் சொன்னேன்.

"கோடு எதுக்கு?" என்றான் தெல்மோ.

"குடிக்கிறவங்க எழுதிக்கட்டும். நான் எழுதினாத்தானே குத்தம்?"

"அதிகாரி வந்து பீப்பாய்க்கு சீல் வெச்சான்னா?"

"வெறுங்கோட்டுக்கு சீல் வெக்கச் சொல்லு, பாக்கலாம்."

வீட்டு ஒயின் விற்பனைக்கு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் பச்சைக் கிளை கட்டினேன். முற்றத்து மேசையில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டிவிட்டேன். பால் வண்டிக்காரர்தான் முதல் ஆள். பன்றித் தொடைக் கறியோடு இரண்டு தம்ளர் குடித்தார், கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரிய பெரிய எழுத்தில் 'ரொன்கரோலா' என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் வந்தது. துல்லியோவின் சொந்த மைத்துனி மூன்று புட்டியில் எழுதி எடுத்துப் போனாள். எழுதாமல் போனவர் ஒருவரும் இல்லை. புகார் போய் ஒரு அதிகாரியும் வந்தார். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வசந்தத்தில் துல்லியோவே வந்தான். கையில் ஒரு விண்ணப்பத் தாள்.

"ஓர்சோலா, வெரோனா ஒயின் சந்தையில நம்ம ஊர்க் கடைக்கு வந்தவன்லாம் 'அந்தக் கோடு போட்ட ஒயின் எங்க'ன்னுதான் கேக்குறான். மானம் போகுது. மறுபடி குழுவுக்கு அனுப்பு. இந்தத் தடவை நான் பாத்துக்கறேன்."

"வடிகட்டணுமா?"

"வேணாம். அப்படியே அனுப்பு."

"அப்போ போன வருஷம் இதே ஒயினுக்கு என்ன கேடு வந்துச்சு?"

நான் ஒரு புட்டியைத் திறந்து ஊற்றினேன். வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே எடுத்தான். முதல் வாய் குடித்ததும் கண்ணை மூடினான். தம்ளர் காலியாகும்வரை கீழே வைக்கவில்லை.

"எந்த ஊர் ஒயின் இது?" என்றேன்.

"என்ன விளையாட்டு இது?"

"ஒயினை ருசி பாக்கறவன் நீ. எந்த ஊர்?"

முற்றத்தில் குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேர் எங்களையே பார்த்தார்கள். அவன் காது இரண்டும் சிவந்தன. கயிற்றை இழுத்துப் பேனாவை எடுத்தான். சின்ன வயதில் நான் காப்பியடித்த அதே குண்டு எழுத்தில் எழுதினான்: ரொன்கரோலா.

புட்டியை வாங்கி, தெருவைப் பார்த்த ஜன்னலில், லேபிள் வெளியே தெரியும்படி வைத்தேன்.

"சரி, இந்த விண்ணப்பத்துல ஒரு கையெழுத்துப் போடு," என்றான்.

"விண்ணப்பம் எதுக்கு துல்லியோ? சான்றிதழை இப்பத்தான் நீயே உன் கையால எழுதிட்டியே."