மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

1938 சித்திரையில், தல்லாகுளத்துத் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் கண் வார்டு திறந்தார்கள். வரைபடம் போட்டவன் ஓவர்சியர் மலையாண்டி. கண்ணில் ஆபரேசன் ஆனவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் ஆகாது என்று டாக்டர் சொன்னதால், முதல் படத்தில் வடக்குச் சுவரில் உயரத்தில்தான் ஜன்னல்கள் வைத்திருந்தான். நன்கொடை கொடுத்த தர்மகர்த்தாவுக்கு அது பிடிக்கவில்லை. ரோடு மேற்கே இருந்தது. போகிறவர் வருகிறவர் பார்க்க அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி பளபளக்க வேண்டும் என்றார். மலையாண்டி இரண்டு தடவை மறுத்தான். மூன்றாம் தடவை, வடக்கு ஜன்னல்கள் இல்லாத புதுப் படத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

திறந்து ஒரு மாதம் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு, கதவுத் தாழ்ப்பாள் ஒன்றைச் சரிசெய்ய உள்ளே போனான். வெயில் கட்டில்கள் மேல் கொட்டிக்கிடந்தது. வெள்ளைச் சுவர் அதை வாங்கித் திருப்பி அடித்தது. வேர்வையும் சீழும் மருந்தும் கலந்த வாடை. ஒரு கிழவர் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டிருந்தார்.

சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் சின்னானுக்குக் கண்புரை எடுத்திருந்தார்கள். கட்டு அவிழ்த்ததும் கூச்சம் தாங்காமல் கண்ணை இறுக்கி இறுக்கி மூடியதில் புண் வாய் பிளந்துவிட்டது. அந்தக் கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மனைவி சோணையம்மாள் முந்தானையை அவன் முகத்துக்கு மேலே பிடித்தபடி நின்றிருந்தாள். தாழ்ப்பாளோடு நின்ற மலையாண்டியிடம் சொன்னாள்.

"கொடிக்காலுக்குள்ளயும் வெளிச்சம் இருக்குய்யா. கண்ணு கூசாது. இதைக் கட்டுன ஆளு ஒரு நா இங்கன படுத்துப் பாத்தாரா?"

"நான்தாம்மா கட்டுனேன்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் தர்மகர்த்தா நாலு விருந்தாளிகளோடு வந்தார். கண் தெரியாத சனங்களுக்கு இம்புட்டு வெளிச்சம் யார் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டார். கட்டுப் போட்டிருந்த இரண்டு பேரை எழுப்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். மலையாண்டிக்கு அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்து மட்டுமல்ல; கையெழுத்துப் போட்ட தன் கையைப் பார்த்தும்.

வெளியே போய் ஒரு வாளியில் செம்மண்ணைக் குழைத்து வந்தான். ஏணி வைத்து, கண்ணாடி அத்தனையிலும் வெளிப்பக்கமாகக் கையாலேயே அப்பினான். உள்ளே வெயில் மங்கியது. விருந்தாளிகள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"கழுவுடா அதை," என்றார் தர்மகர்த்தா.

"கழுவ மாட்டேன்."

அன்றோடு அவனுக்கு வேலை போயிற்று. கழுவ ஆள் வந்தபோது டாக்டர் குறுக்கே நின்றார். கழுவினால் இந்த வார்டில் இனி ஒரு கண்ணையும் தொட மாட்டேன் என்றார். ஐப்பசி மழையில் மண் கரைவதற்குள் மேற்குப் பக்கத்தை அடைத்து, வடக்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். மலையாண்டிக்கு யாரும் சொல்லவில்லை.

சின்னானின் இன்னொரு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பியும் சோணையம்மாள் அவனை அழைத்து வரவே இல்லை.