கட்டில் கம்பியில் கட்டிய பட்டை

நர்ஸ் அன்புச்செல்வி மூன்றாவது முறையாகப் பெயரைக் கேட்டதும் ரெங்கராஜுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ரத்தப்பை கையிலேயே இருக்கிறது, ஏற்ற மாட்டேன் என்கிறாள். பிரசவத்தில் உதிரம் கொட்டி உதடு வெளுத்துக் கிடக்கிறாள் அவன் மனைவி செவந்தி. தம்பி பிரவீன்குமார் கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்து, அதற்கு ஈடாக வாங்கிய பையாக்கும் அது! வேறு யாருக்கோ தள்ளிவிடப் பார்க்கிறாளோ?

"செவந்தின்னு எத்தன தடவைங்க சொல்றது? பையிலயும் அதான எழுதியிருக்கு?"

"ஒங்களக் கேக்கலண்ணே. அவங்க சொல்லட்டும்."

செவந்தி முனகலாய்ச் சொன்னாள். அப்படியும் அந்த மகராசி விடவில்லை. செவந்தியின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேர் எழுதுன பட்டை எங்க? ரத்தம் எடுத்த ஊசித் தடமும் காணமே?"

"கை வீங்கிப்போச்சுங்க. பட்டையக் கழட்டிக் கட்டில் கம்பியில பத்திரமாக் கட்டிட்டேன்."

"எந்தக் கட்டில்ல?"

ரெங்கராஜ் எரிச்சலோடு எதிர்க்கட்டிலைக் காட்டினான். அங்கே ஃபேன் சுற்றாது, செவந்திக்கு வேர்த்து ஊற்றியது. இங்கே படுத்திருந்த மீமிசல் சுகுணாவுக்கோ காற்றே ஆகவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவன்தான் இருவரையும் இடம் மாற்றிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. இதில் என்ன குடி முழுகிவிட்டது?

"காலையில பொருத்தம் பாக்க ஒங்களுக்கு ரத்தம் எடுத்தாங்களாம்மா?"

செவந்தி இல்லையென்று தலையசைத்தாள்.

"எனக்குல்ல எடுத்தாங்க," என்றாள் எதிர்க்கட்டிலிலிருந்து சுகுணா. "கம்பியில இருந்த பட்டையப் பாத்து எழுதிக்கிட்டுப் போனாங்க."

அன்புச்செல்வியின் முகம் மாறியது. பையைத் தட்டில் வைத்தாள்.

"அண்ணே, சுகுணா ரத்தத்துக்குப் பொருத்தம் பாத்து, ஒங்க வீட்டம்மா பேருல வந்த பை இது. சேராட்டி கொஞ்சம் ஏறுனாலே ஆளக் கொன்னுபுடும்."

ரெங்கராஜ் எதிர்க்கட்டில் கம்பியிலிருந்த பட்டையைப் பார்த்தான். பாவி, என் கையாலேயே கொல்லப் பார்த்தேனே! தரையில் உட்கார்ந்து குமுறி அழுதான்.

அன்புச்செல்வி டாக்டருக்குப் போன் அடித்தாள். செவந்தியின் கையில் புதுப் பட்டை கட்டி, பக்கத்தில் நின்றே ரத்தம் எடுத்து அனுப்பினாள். பழைய பை பி குரூப். செவந்தி ஓ குரூப் என்று முடிவு வந்தது.

ஒரு மணி நேரத்தில் வேறு பை வந்தது. கூட இன்னொரு நர்ஸும் வந்து நின்றாள்.

"பேர் சொல்லுங்கம்மா."

ரெங்கராஜ் வாயைப் பொத்திக்கொண்டான்.

"செவந்தி."

அன்புச்செல்வி பட்டையையும் பையையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்தாள். ரெங்கராஜ் எழுந்து கும்பிட்டான்.

"இன்னொரு தடவ கேட்டுருங்கம்மா," என்றான்.