பத்தொன்பதாவது குழந்தை

யானைக்கால் நோய்க் கணக்கெடுப்பின் கடைசிப் பள்ளி அது. இரண்டாம் வகுப்பு அறையில் மேசை போட்டு, குழந்தைகளின் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதனைப் பட்டையில் விட்டுக்கொண்டிருந்தாள் டெக்னீஷியன். சரியாகப் பத்தாவது நிமிடம் பார்க்க வேண்டும். இரண்டு கோடு தெரிந்தால் உடம்பில் யானைக்கால் புழுவின் தடயம் உண்டு. முந்திப் பார்த்தால் மங்கலான கோடு தப்பிவிடும். பிந்தினால் இல்லாத கோடும் தெரியும்.

இரண்டு கோடு விழும் குழந்தைகள் பதினெட்டுக்கு மேல் போகாவிட்டால், வட்டாரத்தில் எல்லோருக்கும் வருடா வருடம் மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிடலாம். மீறினால் இன்னும் இரண்டு வருடம் மாத்திரை தொடரும். அவளுடைய ஒப்பந்த வேலையும்தான். இதுவரை சரியாகப் பதினெட்டு.

மேற்பார்வையாளர் காலையிலிருந்து கண்கொத்திப் பாம்பாக நின்றார். இரண்டு முறை ஒன்பதாவது நிமிடத்திலேயே அவர் பட்டையை எடுத்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"சார், இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

"உன் வாட்ச்ல இருக்கும்மா. வேலை போயிடும்னா நேரம் மெதுவாத்தான் போகும்."

"உங்களுக்கு மட்டும் பறக்குதே சார்? நோயை ஒழிச்சதுக்கு நடக்கப்போற பாராட்டு விழாவுக்குப் புதுச் சட்டை தைக்கக் குடுத்தாச்சாமே, டிரைவர் அண்ணன் சொன்னாரு."

கடைசியாக வந்த சிறுமியின் பட்டையில் முடி இழையாக இரண்டாவது கோடு விழுந்தது.

"பதினோரு நிமிஷம் ஆச்சு. செல்லாது," என்றார் அவர்.

"பத்துதான் சார்."

விதிப்படி இன்னொரு பட்டை வைத்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தை மற்றவர் நம்பாததால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லும் பொறுப்பு வகுப்பு டீச்சர் தலையில் விழுந்தது.

"எனக்கு எதுக்கு சார் இந்த வம்பு? ரெண்டு பேரும் இப்படி முறைச்சா வர்ற கோடும் ஓடிப் போயிடும்," என்றாள் டீச்சர். பிறகு, "பத்து ஆச்சு."

கோடு இருந்தது.

மேற்பார்வையாளர் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, எழுது."

"நீங்களே எழுதுங்க சார். நான் எழுதினா நாளைக்கு அதுக்கும் ஒரு சந்தேகம் வரும்."

எழுதினார். "இப்ப சந்தோஷமா?"

டெக்னீஷியன் மீதிப் பட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள். சிறுமி அவள் கையைத் தொட்டாள். "எனக்கு என்னக்கா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. மாத்திரை போட்டா சரியாயிடும். சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட பேசுறேன்."

இன்னும் இரண்டு வருடம் வேலை நிச்சயம் என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது. அதைத் தடுக்க அவளால் முடியவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"உங்க தெரு எதும்மா?"