ஐந்தாவது சேவை

என் கம்ப்யூட்டர் திரையில் சர்வர் பதில் சொன்னபோது மணி பதினொன்றேகால். பக்கத்து நாற்காலியில் மீசை, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு முடிகூட வளராது என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

எங்கள் கம்பெனியின் வேலை, தனியாக வசிக்கும் வயதானவர்களைக் கவனித்துக்கொள்வது. கவனிப்பதெல்லாம் போனில்தான். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவோம். போனை எடுக்காவிட்டால் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்புவோம். அழைப்பது நாங்கள் இல்லை, வெளிக் கம்பெனி ஒன்றின் சர்வர். இப்படிப் பதினாறு வெளிக் கம்பெனிகள். யார் என்ன செய்துதருகிறார்கள் என்பது அவர்கள் எப்போதோ அனுப்பிய ஆவணங்களில்தான் இருந்தது. அதில் பாதி பழசு. அதனால் எல்லோரையும் தங்கள் சர்வரில் ரிஃப்ளெக்‌ஷனைத் திறந்துவிடச் சொல்லியிருந்தோம். அது திறந்திருந்தால் ஆவணமே வேண்டாம். உனக்கு என்னென்ன வேலை தெரியும் என்று சர்வரிடமே கேட்கலாம். ஒன்றுவிடாமல் சொல்லும், எதைக் கொடுத்தால் எது திரும்பி வரும் என்பது உட்பட.

இந்த அழைப்புக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் நான்கு சேவைகள். திரையில் ஐந்து வரிகள் இருந்தன. ஐந்தாவதின் பெயர் ‘உறவாகப் பேசு.’

"இது என்னடா?" என்றேன்.

மீசை எட்டிப் பார்த்தான். பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. "எனக்கு இப்படி ஒரு சேவை வேணும். மாமியார்கிட்ட பேச."

அந்தக் கம்பெனியின் எஞ்சினியரைப் போனில் பிடித்தேன். அவர் வெகுநேரம் எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு எழுதினாங்கன்னு தெரியல மேடம். நான் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு. ஆனா ஓடிட்டுத்தான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்களுக்கு வேணாம்னா மூடிடறேன். மூடட்டுமா?"

இருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தச் சேவையிடம் நிலவரம் கேட்க ஒரு வழி இருந்தது. வாடிக்கையாளரின் எண்ணைக் கொடுத்தால் போதும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வாடிக்கையாளர் எண் ஒன்றுதான். ஊழியர்களின் பெற்றோருக்கு இலவசம் என்பதால் போன வருடம் என் அம்மாவை நானே சேர்த்துவிட்டிருந்தேன். அந்த எண்ணைத் தட்டினேன்.

உறவு: மகள். குரல்: சேர்க்கும்போது நான் பதிவு செய்த வாழ்த்திலிருந்து உருவாக்கியது. இதுவரை அழைப்புகள்: இருநூற்றுப் பன்னிரண்டு. கடைசி அழைப்பு: இன்று பத்து மணி, பேசியது முப்பத்தெட்டு நிமிடம். அடுத்தது: இன்று இரண்டு மணி. விரும்பும் பேச்சு: அப்பா.

நான் அம்மாவிடம் கடைசியாக எப்போது பேசினேன் என்று யோசித்தேன். போன ஞாயிறு. இல்லை, அதற்கு முந்தைய ஞாயிறு. நான்கு நிமிடம் இருக்கும். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கடைசி வாரத்தை அம்மா ஆரம்பித்தாலே எனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடும்.

மாடிப்படிக்குப் போய் அம்மாவை அழைத்தேன்.

"என்னடி, மறுபடியுமா? இப்பத்தானே வெச்சே?"

"சும்மாதான்மா. சாப்பிட்டியா?"

"மணி பன்னெண்டுகூட ஆகல, அதுக்குள்ள என்ன சாப்பாடு? நீ ரெண்டு மணிக்குக் கூப்பிடு. மிச்சத்தைச் சொல்றேன்."

தலைவலி என்று மீசையிடம் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை. வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. அம்மாவுக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு? அப்பா உன் கையை விடவே இல்லையா?" என்றது என் குரல். எனக்கே இருக்கும் அந்த லேசான மூக்கடைப்புகூட அதில் இருந்தது. பொறுமைதான் என்னுடையது இல்லை.

"விடவே இல்லடி. நர்ஸ் வந்து பிரிச்சு எடுத்தா."

இது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் கீழே மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தேன்.

கதவைத் தள்ளினேன். அம்மா என்னைப் பார்த்தாள். திடுக்கிடுவாள், போனையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன். அவள் போனை மார்போடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, அது நான் இல்லம்மா."

"தெரியும்."

"எப்படி?"

"மூணாவது நாளே தெரியும். நீ இவ்வளவு நேரம் பேச மாட்டியே."

"காலையில ரெண்டாவது தடவை பேசினது நான்தான்."

"ஓ, அது நீயா?" அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அதான் சாப்பிட்டியான்னு கேட்டே."

"இதை மூடிடலாம்மா. நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். இனிமே நானே தினமும் கூப்பிடறேன்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படிக் கெஞ்சுவதுபோல் என்னைப் பார்த்ததில்லை. அவள் மார்புக்குள்ளிருந்து என் குரல் மங்கலாகக் கேட்டது.

"அம்மா? யாரு வந்திருக்கா?"

அம்மா போனை மேலே எடுத்தாள். பார்வையை என் மேலிருந்து எடுக்கவில்லை.

"யாருமில்லடி. நீ சொல்லு."

பிறகு உள்ளறைக்குப் போனாள். சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவின் அடியில் தெரிந்த வெளிச்சத்தில் அவளுடைய நிழல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக நடந்தது. அம்மா ஏதோ சொன்னாள். உள்ளே இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஒரு சிரிப்பு என்னுடையது.