எருமை எழவில்லை

பேரணிக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒரு மண்சாலை குறுக்கே கடக்கிற இடத்தில் தாண்டவராயன் கேட்கீப்பராக இருந்தான். அங்கே எவ்வளவு அமைதி என்றால், ஒருவன் தும்மினால் ‘நூறு’ என்று சொல்ல ஆள் வந்து சேர மூன்று நாள் ஆகும். ஐம்பத்தாறாம் வருடம் இரண்டு காக்கைகள் அங்கே குடிவந்தன. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழுப்புரம் ஜங்ஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டன. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். காக்கை இருக்காது.

மனைவி கெங்கம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் அம்சவள்ளிக்கு இரண்டு வயது. இப்போது ஏழு. ஒன்றரை மைல் நடந்து பள்ளிக்கூடம் போய்வருவாள். மூன்றாவது வருடமாக ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறப்பதே இல்லை.

பொங்கலுக்கு விழுப்புரத்திலிருந்து அக்கா கோவிந்தம்மாள் வந்தாள். அவள் புருஷன் அங்கே யார்டில் வேலை பார்த்தான்.

“ஏண்டா, வாத்தியாரு இன்னா சொல்றாரு தெரியுமா? பொண்ணு ஊமையான்னு கேக்கறாரு.”

“ஊமை இல்லக்கா. பேச ஆள் இல்ல, அதான்.”

“கோட லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு பாடம் வாய்விட்டுப் படிச்சுக் காமிச்சான்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா நான் இட்டுகினு போயிடுவேன். கொடி புடிக்கிற உன்னையே பாத்துகினு வளந்தா அது கைகாட்டி மரமா ஆயிடும்.”

அக்கா போன அன்றைக்கே தாண்டவராயன் வேலையை ஆரம்பித்தான். அவன் படிப்பு இரண்டாம் வகுப்பு. இன்ஜினிலிருந்து சிந்திய கரித்துண்டை எடுத்து கேட் அறையின் சுவரில் ‘படம்’ என்று எழுதினான்.

“படி.”

அம்சவள்ளி கிசுகிசுத்தாள். “பானா, டானா, இம்மு.”

“சேத்துச் சொல்லு.”

“பானாடானாயிம்மு.”

இது எந்த ஊர்ச் சாமான் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எழுத்தின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுத்து போடுகிற சத்தத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தாண்டவராயன் ஒரு வாரம் யோசித்தான். ஒரு நாள் கூட்ஸ் வண்டி ஒன்று நின்று புறப்படும்போது, வேகன்கள் ஒன்றையொன்று இடித்து இடித்து, பிறகு ஒரே வண்டியாகப் போவதைப் பார்த்தான்.

“இந்தா பாரு அம்சா. வேகனோட நம்பர நம்மள யாரும் கேக்கல. சத்தத்த மட்டும் சொல்லு. ப… ட… ம். இப்ப வண்டி கெளம்பிடுச்சு. ப-ட-ம். ஜல்தியாப் போவுது.”

“படம்” என்றாள். சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரோ சொன்னது போல.

அன்றிலிருந்து சுவர் கறுத்தது. ‘ச’ என்றால் நீராவி. ‘ட’ என்றால் தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுகிற சத்தம். ‘கூ’வை அவன் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. மாசி முடிவதற்குள் சுவர் தீர்ந்துபோய், வாசலில் கட்டியிருந்த கறவை ஆட்டின் வெள்ளை வயிற்றில் எழுதினான். அந்த ஆடு பிறகு வெகுநாள் ‘கிணறு’ என்ற சொல்லோடு மேய்ந்தது.

சித்திரையில் சுவரை விட்டுப் பள்ளிப் புத்தகத்துக்கே வந்துவிட்டார்கள். வந்ததும் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. ஒற்றைச் சொல்லை உதட்டுக்குள் சொல்லுவாள். பாடத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்க மாட்டாள். அத்தனை அமைதிக்குள் தன் குரல் மட்டும் தனியே கிளம்பிப் போவது அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் தண்டவாளம் முனக ஆரம்பித்தால் போதும். புத்தகத்தோடு ஓடிப்போய் கேட் அறையின் படியில் நிற்பாள். வண்டி கேட்டைக் கடக்கிறவரை கழுத்து நரம்பு புடைக்கப் படிப்பாள். கடைசிப் பெட்டி தாண்டியதும் வாயை மூடிக்கொள்வாள்.

வலது கையில் பச்சைக் கொடி, இடது கையில் சுருட்டிய சிவப்புக் கொடி என்று நின்றபடி தாண்டவராயன் பார்ப்பான். வாய் அசைவது தெரியும். அவ்வளவுதான். பாசஞ்சர் என்றால் இருபது விநாடி, கூட்ஸ் என்றால் இரண்டு நிமிடம். தான் சொல்லிக்கொடுத்த படிப்பை அவன் ஒரு நாள்கூடக் காதால் கேட்டதில்லை. சரியாகப் படிக்கிறாளா, சும்மா கத்துகிறாளா என்பது இன்ஜின்களுக்குத்தான் தெரியும். அவை சொல்லவில்லை.

சொன்னபடி அக்கா வந்தாள். பெட்டியோடு வந்தாள்.

“படிம்மா.”

அம்சவள்ளி புத்தகத்தைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். வெயில் ஒரு சாண் நகர்ந்தது.

“இந்தப் பொண்ணு படிக்கும்க்கா. பாசஞ்சர் வரட்டும்.”

“பாசஞ்சர் வந்து இவளுக்குச் சொல்லித்தரப் போவுதா? பொய்யெல்லாம் ஒனக்கு எதுக்குடா? துணியெல்லாம் எடுத்து வையி.”

அவன் துணியை எடுத்து வைத்தான். இரண்டு பாவாடை, ஒரு சீப்பு. பெட்டி கால்வாசிகூட நிறையவில்லை. இவ்வளவு சின்ன மூட்டை போன பிறகு வீடு எவ்வளவு காலியாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தான். வரவில்லை.

தண்டவாளம் முனகியது. கேட்டைச் சாத்திவிட்டுக் கொடிகளோடு வந்து நின்றான். அம்சவள்ளி படிக்கு ஓடினாள். வளைவில் புகை தெரிந்தது. அவள் வாய் திறந்தது. பின்னால் நின்ற அக்கா, “வாய் அசையுது, சத்தத்தக் காணோம்” என்றாள்.

பதினோரு வருட சர்வீசில் தாண்டவராயனின் இடது கைக்கு வேலையே வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. சிவப்பு விரிந்தது.

சக்கரங்கள் கிறீச்சிட்டன. ஒன்பது பெட்டியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காத அம்சவள்ளிக்கு எதுவும் தெரியவில்லை. அந்த அமைதியில், ஒன்பது பெட்டிக்கும் கேட்கிற குரல் ஒன்று போய்க்கொண்டே இருந்தது.

“எருமை குளத்தில் படுத்தது. எழுந்திரு என்றாள் எல்லம்மா. எருமை எழவில்லை. புல் தருகிறேன் என்றாள். எருமை எழவில்லை.”

ஜன்னல்தோறும் தலைகள் நீண்டன. அம்சவள்ளி நிமிர்ந்தாள். நாக்கு நின்றது.

மூன்றாம் பெட்டியிலிருந்து ஒரு கிழவர், “அப்புறம் எருமை இன்னா பண்ணுச்சு, பாப்பா?” என்றார்.

அவள் அத்தனை முகங்களையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு, பாடத்தை முதலிலிருந்து படித்தாள். இன்னும் உரக்க. முகங்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள்.

டிரைவர் சவுரிராயன் இறங்கி வந்தார். “இன்னாய்யா? எதுக்குச் செவப்பு?”

“எருமைங்க. தண்டவாளத்துல படுத்துகினு எழுந்துக்கல.”

“எங்க?”

“இப்பதாங்க எழுந்து போச்சு.”

சவுரிராயன் வெறும் பாதையைப் பார்த்தார். படியில் நின்ற பெண்ணைப் பார்த்தார். “கேட்டுது” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

வண்டி போனது. கோவிந்தம்மாள் மூக்கைச் சிந்தினாள். “சரிடா. சொன்ன சொல்லு சொன்னதுதான். இங்கயே இருக்கட்டும்.” பெட்டியைத் திறந்து பாவாடையை வெளியே எடுக்கக் குனிந்தாள்.

தாண்டவராயன் மகளைப் பார்த்தான். வண்டி போன திசையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது சத்தமல்ல, கேட்கிற ஆட்கள். அவனிடம் இருந்தது மொத்தம் இரண்டு காது.

“வேணாங்க்கா” என்றான். “இட்டுகினு போ. அங்க நெறைய பேரு இருக்காங்க.”

“நீ?”

“எனக்கு ஆடு இருக்குது.”

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எருமையின் நிறம் என்ன என்று ஒரு கேள்வி. ‘கறுப்பு’ என்று எழுதினான். உரிமையாளர் பெயர்? ‘எல்லம்மா’ என்று எழுதினான். ஆறு மாதம் விசாரித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பதினான்கு எல்லம்மாக்கள் அகப்பட்டார்கள், ஒருத்திக்கும் எருமை இல்லை. கடைசியில் ‘எச்சரிக்கை’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

கோவிந்தம்மாளுக்கு மாமியார் வீடு திண்டிவனம். சனிக்கிழமைதோறும் அம்சவள்ளியையும் கூட்டிக்கொண்டு பாசஞ்சரில் போவாள். வண்டி கேட்டில் நிற்காது. ஜன்னலோரம் உட்கார்ந்து, விக்கிரவாண்டி தாண்டியதுமே அம்சவள்ளி அந்த வாரப் பாடத்தை உரக்கப் படிக்கத் தொடங்குவாள். கேட்டைக் கடக்கிறபோது தாண்டவராயன் காதில் ஒரு சொல் விழும். ஒன்றே ஒன்று. ஒரு வாரம் ‘உப்பு’. ஒரு வாரம் ‘தங்கை’. மழைக்காலத்தில் ஒரு வாரம் ‘ஆகையால்’.

அவன் அதைக் கரியால் சுவரில் எழுதிவைப்பான். ஏழு நாளைக்கு அதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். வேகன் கோக்கிற மாதிரி ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தான். உப்பு, தங்கை, ஆகையால். வண்டி கிளம்பவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும், வளைவில் புகை தெரிகிறபோது, இடது கை கொஞ்சம் உயரும். பதினைந்தாவது எல்லம்மாவை எங்கே போய்த் தேடுவார்கள் என்று நினைத்துக்கொள்வான். ஒரு சர்வீசுக்கு ஒரு எருமைதான் தாங்கும். வலது கையைத் தூக்கிப் பச்சையைக் காட்டுவான்.